சிலேட்டா, நோட்டுப் புத்தகமா?

2025 மார்ச் 14 அன்று சாயந்திரம் விழுப்புரத்திலிருந்து என் மூத்த மகளின் பையன் போன் செய்தான். பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்த நேரம். கணக்கில் சந்தேகமோ என்று எடுத்தால், "தாத்தா, டேப்லெட் கேட்கட்டுமா, லேப்டாப் கேட்கட்டுமா?" என்றான். யார் தருகிறார்கள் என்று கேட்டேன். "கவர்மெண்ட்" என்றான்.

அன்று காலை தமிழ்நாட்டு பட்ஜெட். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ மடிக்கணினியோ அவரவர் விருப்பப்படி தரப்படும் என்றும், அதற்கு 2,000 கோடி ரூபாய் என்றும் நிதியமைச்சர் அறிவித்திருந்தார். 39 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் கை சும்மா இருக்குமா? உடனே வகுத்துப் பார்த்தேன். 20 லட்சம் பேருக்கென்றால் தலைக்கு 10,000 ரூபாய். முதல் தவணையாக 10 லட்சம் பேருக்கென்றால் 20,000. முதல் கணக்கில் டேப்லெட்தான் வரும், இரண்டாவது கணக்கில்தான் லேப்டாப். எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியும் பிறகு இதே வகுத்தல் கணக்கில்தான் சண்டை போட்டார்கள்.

"மூன்று நாள் கழித்துச் சொல்கிறேன்" என்று போனை வைத்தேன். பையனுக்கு ஏமாற்றம். இதற்கு மூன்று நாளா என்று அவன் அம்மாவிடம் சொன்னானாம். இதே கேள்விக்கு 2012-இல் மூன்று நிமிஷத்தில் பதில் சொல்லி, தவறாகச் சொன்னவன் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் கதை அதற்கு ரொம்ப முன்னால் ஆரம்பிக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருபவர்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் ஒவ்வொருவரிடமும் இரண்டு சாமான் இருக்கும். ஒன்று அர்துவாஸ், அதாவது சிலேட்டு. மற்றொன்று கயே, நோட்டுப் புத்தகம். வாத்தியார் மனக்கணக்கு ஒன்று சொல்வார். பேசக்கூடாது. விடையைச் சிலேட்டில் எழுதி, பலகையைக் கவிழ்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அவர் "லெவே!" என்றதும் 30 சிலேட்டும் ஒன்றாக மேலே எழும்பும். ஒரு பார்வையில் யார் சரி, யார் தப்பு என்று அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த நொடி ஈரத்துணியால் துடைத்துவிடுவோம். எச்சிலால் துடைத்தவர்களும் உண்டு, அவர்கள் பெயர் வேண்டாம்.

இந்த முறைக்கு பிரெஞ்சில் 'லா மார்த்தினியேர் முறை' என்று பெயர். லியோன் நகரத்தில் உள்ள லா மார்த்தினியேர் பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டில் தபரோ என்ற ஆசிரியர் வகுத்தது. அந்தப் பள்ளி யார் பணத்தில் வந்தது தெரியுமா? க்ளோத் மார்த்தேன் என்ற லியோன்காரர் எழுதி வைத்த உயிலின் பணத்தில். அவர் 1750-களின் தொடக்கத்தில் சாதாரணச் சிப்பாயாக வந்து சேர்ந்த இடம் நம்முடைய புதுச்சேரி! 1760-இல் ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டார், பிறகு லக்னோவில் பெரும் செல்வம் சேர்த்தார். 1800-இல் இறந்தபோது லக்னோ, கல்கத்தா, லியோன் மூன்று ஊரிலும் பள்ளிக்கூடம் வைக்கப் பணம் விட்டுப் போனார். புதுச்சேரிக்கு வந்தவர் காசு லியோனுக்குப் போய், லியோனில் பிறந்த முறை புதுச்சேரிக்குத் திரும்பி வந்து, என் கையில் சிலேட்டாக முடிந்தது. இந்த ஊருக்கு அவர் ஒன்றும் வைக்கவில்லை என்ற மனத்தாங்கல் எனக்கு உண்டு.

சிலேட்டில் கணக்கு, கயேயில் தீக்தே, அதாவது சொல்வதை எழுதுதல். ஊதா மை, தொட்டு எழுதும் ப்ளூம். அடித்தால் அடித்தது தெரியும், துடைக்க முடியாது. வருஷக் கடைசியில் அந்த கயேயைப் புரட்டினால் ஜூனில் நான் எவ்வளவு மக்காக இருந்தேன், மார்ச்சில் எவ்வளவு தேறினேன் என்பது பக்கம் பக்கமாக இருக்கும். வீட்டில் காசு முடை வந்த ஒரு வருஷம், கயே வாங்குவதைத் தள்ளிப்போட்டு, இரண்டு மாதம் எல்லாவற்றையும் சிலேட்டிலேயே எழுது என்றார் அப்பா. அந்த இரண்டு மாதம் படித்தது எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

இனி கணினி. 1972-இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆலன் கே என்பவர் 'டைனாபுக்' என்று ஒரு கருவியைக் காகிதத்தில் வரைந்தார். குழந்தைகளுக்கானது. நோட்டுப் புத்தக அளவு, இரண்டு கிலோவுக்குள் எடை, விலை 500 டாலருக்குள் வரவேண்டும் என்பது அவர் ஆசை. படத்தைப் பார்த்தால் சிலேட்டு மாதிரி தட்டையாக இருக்கும், ஆனால் கீழ்ப் பாதியில் எழுத்துப் பொத்தான்கள் இருக்கும். அதாவது சிலேட்டும் நோட்டும் பிரியாத கருவி. அப்போது அதைச் செய்ய யாரிடமும் சாமான் இல்லை. பிறகு வந்தவர்கள் அதை இரண்டாகப் பிய்த்து, நமக்கு இந்தத் தலைவலியை உண்டாக்கிவிட்டார்கள்.

தூக்கிக்கொண்டு போகிற கணினி என்று முதன்முதலில் சந்தையில் நன்றாக விற்றது ஆஸ்போர்ன் 1. வருஷம் 1981, விலை 1,795 டாலர், எடை சுமார் 11 கிலோ. தையல் மிஷின் பெட்டி மாதிரி இருக்கும், மூடியே விசைப்பலகை. திரை உள்ளங்கை அகலம்தான். அதைச் செய்த ஆடம் ஆஸ்போர்ன் சிறுவயதில் வளர்ந்தது நமக்கு இரண்டரை மணி நேர பஸ் தூரத்தில், திருவண்ணாமலையில். அவர் தகப்பனார் ஆர்தர் ஆஸ்போர்ன் ரமண மகரிஷியின் அடியார், ஆசிரமத்தின் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தியவர். பையன் 11 வயது வாக்கில் இங்கிலாந்து போனார். கம்பெனி 1983-இல் திவாலாயிற்று. அடுத்த மாடல் இதைவிடப் பிரமாதம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் இருந்த மாடலை யாரும் வாங்கவில்லை என்று இன்றும் வியாபாரப் பாடத்தில் சொல்கிறார்கள். கடைசிக் காலத்தில் உடம்பு முடியாமல் நம் பக்கமே திரும்பி வந்து, 2003-இல் கொடைக்கானலில் காலமானார். கிரிவலம் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

பிரான்சில் நடந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன். அங்கே குடியேறிய என் ஒன்றுவிட்ட அண்ணன் மூலம் எனக்கு இந்தச் செய்திகள் உடனுக்குடன் வரும். 1985 ஜனவரியில் பிரதமர் லோரான் ஃபாபியுஸ் 'எல்லோருக்கும் கணினி' என்று ஒரு திட்டம் அறிவித்தார். 50,000 பள்ளிகளுக்கு 1,20,000 இயந்திரங்கள். சொந்த நாட்டு தாம்சன் கம்பெனியின் மாடல்கள்தான் பெரும்பாலும். திரையிலேயே தொட்டுக் காட்டும் ஒளிப் பேனா ஒன்று உண்டு, எம்.ஓ.5 என்ற மாடலுக்கு அழிரப்பர் மாதிரிப் பொத்தான்கள். பேனாவும் பொத்தானும் ஒரே பெட்டியில். நாலைந்து வருஷத்தில் எல்லாம் அலமாரிக்குப் போயிற்று. ஆசிரியர்களுக்குப் பயிற்சி போதவில்லை, உலகம் வேறு வகைக் கணினிக்கு மாறிவிட்டது.

அதன் பிறகு கொரேஸ் என்ற சிறிய மாவட்டம். அதன் மன்றத் தலைவர் பிரான்சுவா ஒலாந்து, பின்னாளில் ஜனாதிபதியானவர். 2008-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி தர ஆரம்பித்தார்கள். 2010-இல் ஐபேட் வந்தது. அந்த வருஷக் கடைசியில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மடிக்கணினிக்குப் பதிலாக ஐபேட் என்று மாற்றிவிட்டார்கள். பையின் எடை குறைவு, பேட்டரி ஒரு பகல் முழுக்கத் தாங்கும் என்பது காரணம். அண்ணன் போனில் கேட்டார்: "சரிடா, தீக்தேயை எதில் எழுதுவான்?" அந்த ஐபேட்டின் தொடக்க விலை அமெரிக்காவில் 499 டாலர். ஆலன் கே ஆசைப்பட்ட விலை 38 வருஷம் கழித்து வந்தது, பொத்தான்கள் இல்லாமல்.

நம் நாட்டுக்கு வருகிறேன். நிக்கோலஸ் நெக்ரோபான்டே என்ற அமெரிக்கப் பேராசிரியர் 100 டாலர் லேப்டாப் என்று 2005-இல் உலகமெல்லாம் பறைசாற்றினார். துனிஸ் மாநாட்டில் ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் அதன் பக்கவாட்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றிக் காட்டப்போக, கைப்பிடி கையோடு வந்துவிட்டது. 2006-இல் நம் மத்திய அரசு அந்தத் திட்டம் வேண்டாம் என்றது. அவர்களுடைய லேப்டாப் கடைசியில் 100 டாலருக்கு வரவும் இல்லை, இரண்டு மடங்கு ஆயிற்று. நாமே செய்வோம் என்று கிளம்பினோம். 2009 பிப்ரவரியில் திருப்பதியில் '10 டாலர் லேப்டாப்' வெளியிடுகிறார்கள் என்று பத்திரிகைகளில் ஒரே ஆரவாரம். திரையை விலக்கினால் அது லேப்டாப்பே இல்லை, பாடங்களைச் சேமித்து வைக்கும் சின்னப் பெட்டி. ஏழுமலையானே சிரித்திருப்பார்.

2011-இல்தான் விஷயம் சூடு பிடித்தது. அந்த வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள் அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அந்த ஓராண்டில் மட்டும் 9 லட்சத்துக்கு மேல் தருவது என்று ஏற்பாடு. சரியாக 20 நாள் கழித்து, அக்டோபர் 5 அன்று, தில்லியில் மத்திய அமைச்சர் கபில் சிபல் 'ஆகாஷ்' டேப்லெட்டை வெளியிட்டார். அரசுக்கு அடக்க விலை சுமார் 2,250 ரூபாய். ஆக 20 நாள் இடைவெளியில் சென்னை நோட்டுப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தது, தில்லி சிலேட்டைத் தேர்ந்தெடுத்தது.

சென்னைக்கு ஒரு பிள்ளைக்கு ஆன செலவில் தில்லி ஐந்தாறு பிள்ளைக்குக் கொடுக்கலாம். எப்படி முடிந்தது? விசைப்பலகை கிடையாது, மடக்குக் கீல் கிடையாது, ஹார்ட் டிஸ்க் கிடையாது, காற்றாடி கிடையாது. கைபேசிக்குப் போடுகிற சில்லு. ஆண்ட்ராய்டு இலவசம், விண்டோஸுக்குக் கட்ட வேண்டிய காசு மிச்சம். 7 அங்குலத் திரை, அதுவும் விரல் பட்டால் போதாது, அழுத்த வேண்டும். நினைவகம் 256 எம்.பி. டெண்டரில் ஆகக் குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்தார்கள். பேட்டரி நிற்கவில்லை, திரை கேட்கவில்லை என்று முதல் தொகுதியிலேயே புகார் வந்தது. 2012 நவம்பரில் ஆகாஷ் 2 வந்தது, தேவலை என்றார்கள். அதற்குள் ஆர்வம் வடிந்துவிட்டது.

தில்லியைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அதையே செய்தேன்.

2012-இல் என் இளைய மகள் எம்.ஏ. தமிழ் இரண்டாம் வருஷம். ஆய்வேடு எழுத வேண்டும். தோழிகளில் நாலைந்து பேரிடம் லேப்டாப் இருந்தது. நாங்கள் புதுச்சேரிக்காரர்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் கொடுத்த இலவச லேப்டாப் எங்களுக்கு எப்படி வரும்? "அப்பா, ஒரு லேப்டாப் வாங்கினால் நானே டைப் செய்துகொள்வேன்" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கடையில் விசாரித்தேன், 25,000-க்குக் குறைந்து இல்லை. அதே கடையில் டேப்லெட் ஒன்று, 7 அங்குலம், 3,999 ரூபாய். கம்பெனிப் பெயர் எதற்கு? அந்த வருஷம் ஊரில் காளான் மாதிரி முளைத்தவற்றில் ஒன்று. ஆகாஷைப் பற்றிப் பத்திரிகைகளில் படித்துப் படித்து, இனிமேல் எல்லாம் இதுதான் என்று எனக்கு நம்பிக்கை வந்திருந்தது. மூன்று கொட்டேஷன் வாங்கி, ஆகக் குறைந்ததற்கு ஆர்டர் போட்டே பழகிய கை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

காசு இல்லாமல் அப்படிச் செய்தேன் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படி நினைக்க விட்டேன். உண்மையில் ஓய்வூதிய நிலுவை 28,000 ரூபாய் வந்து தபால் ஆபீசில் கிடந்தது. மூத்தவள் கல்யாணக் கடன் அடைந்த புதுசு. கையில் கொஞ்சம் இருக்கட்டும் என்ற பயம்.

அந்த டேப்லெட்டில் இருந்தது பழைய ஆண்ட்ராய்டு. அதற்குத் தமிழ் தெரியாது! தமிழ்ப் பக்கம் எதைத் திறந்தாலும் வரிசை வரிசையாகக் கட்டம் கட்டமாக வரும். எம்.ஏ. தமிழ் படிக்கிற பெண்ணுக்குத் தமிழே தெரியாத கருவியை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தமிழ்நாடு அரசு 'தமிழ் 99' விசைப்பலகையை அங்கீகரித்து அப்போதே 13 வருஷம் ஆகியிருந்தது. தெரிந்தும், கடையில் ஒரு தமிழ் வரியைத் திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஆங்கிலத்தில்தான் அடித்துப் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆய்வேட்டைக் கையால் எழுதி, டி.டி.பி. கடைக்குக் கொண்டு போனாள். பக்கத்துக்கு 15 ரூபாய். அடிக்கிற பையனுக்கு ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று தெரியாது. அதனால் சாயந்திரம் சாயந்திரம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் திருத்துவாள். கடை ராத்திரி ஒன்பது வரை. நான் போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். பதினொரு நாள் அப்படிப் போனோம். ஒரு நாள் கரண்ட் போய், சேமிக்காத எட்டுப் பக்கம் காணாமல் போயிற்று. அன்றைக்கு மட்டும் வழியில் அழுதாள். எனக்கு அப்பாவும் அந்த இரண்டு மாதச் சிலேட்டும் ஞாபகம் வந்தது. அப்பாவிடம் நிஜமாகவே காசு இல்லை.

பிறகு அவள் வேலைக்குப் போய், இரண்டாம் வருஷம் ஒரு லேப்டாப் வாங்கினாள். புதுசு வாங்கியதும் பழையதை எனக்குத் தந்தாள். பேட்டரி இரண்டு தடவை மாற்றி, நினைவகம் ஒரு தடவை கூட்டி, இந்தப் பக்கத்தில் நீங்கள் படித்தவை பெரும்பாலும் அதில் அடித்தவைதான்.

மூன்று நாளில் நான் படித்த இன்னொன்று. நெக்ரோபான்டேயின் லேப்டாப்பை உருகுவே நாடு வாங்கி, 2007-லிருந்து 2009-க்குள் அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்தது. பெரு நாடும் ஏராளமாக வாங்கியது. பெருவின் கிராமப் பள்ளிகளில் ஆராய்ந்து 2012-இல் ஓர் அறிக்கை வந்தது. கணக்கிலும் மொழிப் பாடத்திலும் மதிப்பெண் கூடவில்லை என்றது. ஆக லேப்டாப் என்று வாங்கிவிட்டால் மட்டும் சரஸ்வதி வந்து உட்கார்ந்துவிட மாட்டாள். அதையும் பேரனிடம் சொல்லியாக வேண்டும்.

மார்ச் 17 அன்று நானே போன் செய்தேன். "நீ பி.காம். சேரப் போகிறாய். பாடத்தைப் படிக்க மட்டும் என்றால் டேப்லெட் போதும், கண்ணுக்கும் கைக்கும் சுகம். உன் பாட்டி அதில்தான் சமையல் குறிப்பும் சீரியலும் பார்க்கிறாள், அவளுக்கு லேப்டாப்பைக் கொடுத்தால் என் மேல் வீசுவாள். நீ டேலி போட வேண்டும், எக்செல் போட வேண்டும், முப்பது நாற்பது பக்கத்துக்கு புராஜெக்ட் அடிக்க வேண்டும். டேப்லெட் வாங்கி, தனியாகக் கீபோர்டு வாங்கி, நிறுத்தி வைக்கத் தாங்கி வாங்கி, மௌஸ் வாங்கினால் கிட்டத்தட்ட லேப்டாப் விலை வந்துவிடும். அப்போதும் டேலி முழுசாக ஓடாது. லேப்டாப் கேள்" என்றேன். அரசாங்கம் தருகிறவரை காத்திருக்க முடியாவிட்டால் செகண்ட் ஹாண்டில் நல்லதாகப் பார்க்கலாம், நினைவகம் 8 ஜி.பி. இருக்க வேண்டும், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. இருக்க வேண்டும், பாதிப் பணம் நான் போடுகிறேன் என்றும் சொன்னேன். "கடையில் வைத்தே தமிழில் நாலு வரி அடித்துப் பார்" என்றேன்.

"சித்தியும் இதையேதான் சொன்னாங்க தாத்தா, அன்னைக்கே" என்றான்.

இதை எழுதி முடித்து இளையவளுக்கு அனுப்பினேன். 28,000 ரூபாய் விஷயம் அவளுக்கு இப்போதுதான் தெரியும். ராத்திரி போன் செய்தாள். பேட்டரியைப் பற்றிக் கேட்டாள், கண் ஆபரேஷன் தேதியைப் பற்றிக் கேட்டாள். கடைசியில், "அந்த டேப்லெட் இன்னும் பரணில் இருக்குப்பா, பச்சை டிரங்குப் பெட்டிக்குள்ளே. சார்ஜர்தான் எங்கே போச்சோ தெரியலை" என்றாள்.